நூற்றுக்கு நாலு ரூபாய் பதின்மூன்று காசு

முப்பத்தைந்து நிமிடம் ஊற வேண்டும் என்று சாயப் பெட்டியின் முதுகில் அச்சடித்திருந்தது. பூங்கோதை கணக்கு டீச்சர். முப்பத்தைந்து என்றால் அவளுக்கு முப்பத்தைந்துதான், சுமார் அரைமணி என்பதெல்லாம் கிடையாது. பன்னிரண்டரைக்குத் தடவி முடித்தவள், ஒன்று ஐந்துக்குத் தலையை அலசலாம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, தோளில் பழைய துண்டும் கைகளில் மெல்லிய பிளாஸ்டிக் உறையுமாகச் சாப்பாட்டு மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்துகொள்ள முடியாது. எதையும் தொட முடியாது. மார்கழிக் குளிருக்குச் சாயம் மண்டையில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே போன். அதன் முகம் மேலே பார்த்திருந்தது, ஆனால் இருண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வங்கியிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை. கரூரில் பன்னிரண்டரை என்றால் பிராங்க்பர்ட்டில் காலை எட்டு. வீட்டுக்காரர் குழந்தைவேல் எழுந்திருப்பார். குளித்திருப்பார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கீழே போய்க் காபி குடித்துக்கொண்டிருப்பார், அந்தக் காபிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது இந்தப் போனுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கும் தெரியாது.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அப்படி இல்லை. குழந்தைவேல் வேலை பார்க்கும் கம்பெனி மேஜை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும் ஜவுளிக் கண்காட்சிக்கு ஆள் அனுப்புவார்கள். இந்த வருடம் அவரை அனுப்பினார்கள். அவரிடம் இருந்தது பூங்கோதையின் கார்டின் குட்டி. அவள் சம்பளக் கணக்கை வைத்து வங்கி அவளுக்கு ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தது. அதோடு சேர்த்து வீட்டுக்காரர் பெயரில் இன்னொன்று. அவர் எங்கே தேய்த்தாலும் செய்தி அவள் போனுக்குத்தான் வரும். புதன் காலை அவர் விமான நிலையத்தில் இறங்கி ரயில் சீட்டு வாங்கியது இவளுக்கு எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது தெரிந்தது. பை அதிர்ந்தது, அவர் தரை இறங்கிவிட்டார். பிறகு ஒரு ரொட்டிக் கடை, மூன்று யூரோ இருபது. காபி ஒன்று. அவர் தனியாக ஒரு மூலையில் நின்று, சர்க்கரை இரண்டு பொட்டலம் போட்டுக் கலக்கிக் குடிப்பதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். வியாழக்கிழமை காலை அதே கடை, ஆறு யூரோ நாற்பது. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே வகுத்தாள். ஆறு நாற்பது என்பது மூன்று இருபதின் இரு மடங்கு. அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு காபி. யூரோ தொண்ணூறு ரூபாய் வைத்தால் ஐநூற்று எழுபத்தாறு; அதன்மேல் வெளிநாட்டில் தேய்த்ததற்காக வங்கி மூன்றரை சதவீதம் பிடிக்கும்; பிடித்த அந்தத் தொகைமேல் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி, ஆகமொத்தம் நூற்றுக்கு நாலு ரூபாய் பதின்மூன்று காசு. ஐநூற்று தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபத்தொன்பது காசு. அதில் பாதி அவருடைய காபி. மறுபாதி கூடப் போயிருக்கும் அந்தப் பெண்ணுடையது. அவள் குடித்த காபிக்கு வங்கி பிடித்த பதினொரு ரூபாய் எண்பத்தொன்பது காசை என் சம்பளத்திலிருந்து கட்டப்போகிறேன் என்று பூங்கோதை அப்போது நினைத்தாள். நினைத்ததும், பதினொரு ரூபாய்க்கா இப்படி வயிறு எரிகிறது என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட பிறகும் எரிந்தது.

அந்தப் பெண் சாருலதா. கம்பெனியின் டிசைனர், கோயம்புத்தூர்க்காரி, இருபத்தொன்பது வயது. இரண்டு வருடமாக இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் பெயர் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்து போகிறது. சாம்பல் நிறம் இந்த வருஷம் ஓடாதுன்னு சாருலதா சொன்னாங்க. கோடு போட்டது வேண்டாங்கறாங்க சாருலதா. சொன்னாங்க, சொன்னாங்க. இவள் பத்து வருடமாகச் சாம்பல் நிறச் சட்டை அவருக்கு எடுப்பாக இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் காதில் ஏறாத சாம்பல் அந்தப் பெண் சொன்னதும் பீரோவிலிருந்து கீழே இறங்கிவிட்டது. படம் ஒன்று அனுப்பியிருந்தார், கண்காட்சியில் கம்பெனிக் கடை முன்னால் எடுத்தது. இவர் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில், நடுவில் இரண்டு வெள்ளைக்காரர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத படம். அவளுக்குக் கறுப்புக் கோட்டு, தோள் வரை வெட்டிய முடி, அதில் ஒரு நரை கிடையாது. பூங்கோதை அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு இன்னும் பெரிதாக்கினாள், கடைசியில் வெறும் கறுப்புக் கட்டங்கள் தெரிந்தன. பொங்கலுக்குத்தான் சாயம் போடுகிறேன், வருடா வருடம் போடுகிறதுதானே. அப்படித்தான் கடையில் பெட்டியை வாங்கும்போதும் சொல்லிக்கொண்டாள், கேட்காத கடைக்காரனிடம்கூட.

வெள்ளிக்கிழமை போன் பேசாமல் போனபோது முதலில் கோளாறு போனில் என்றுதான் நினைத்தாள். அணைத்துப் போட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு ஒரு செய்தி அனுப்பச் சொன்னாள். "அம்மா, இதோட மூணாவது தடவை டெஸ்ட்டுன்னு அனுப்பறேன். உங்க போன் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் என்னமோ ஆச்சு," என்றாள் இனியா. பதினாறு வயது, வாய் அப்படி. அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஆச்சு என்றார். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். நூடுல்ஸ் என்றார். கார்டு வேலை செய்யுதுங்களா என்று, யதார்த்தமாகக் கேட்பது போல, கேட்டாள். அவரும் யதார்த்தமாகவே சொன்னார்: "நம்முளுது எடுக்கறதே இல்ல அம்மிணி. சாருலதா கார்டுல எக்ஸ்ட்ரா ஒண்ணுமே பிடிக்கறதில்லையாமா. அவங்களே தேய்ச்சுடறாங்க. ஊருக்கு வந்து என்ற பங்கை அனுப்பிடறேன்னுட்டேன். அந்தக் கார்டு இரும்புங்கறேன். மேஜைல வெச்சா டங்குனு சத்தம் வருது."

டங்கு. அந்தச் சத்தம் வெள்ளியிலிருந்து அவள் காதுக்குள் கிடக்கிறது. பதினெட்டு வருடமாக ஒரு மாதம் தவறாமல் கட்டுகிற எனக்கு வங்கி கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் துண்டு, நூற்றுக்கு நாலு பதின்மூன்று வேறு. நேற்று வேலைக்கு வந்தவளுக்கு இரும்பு, நூற்றுக்குச் சுழி. வங்கிக்காரன் எதைப் பார்த்துக் கொடுக்கிறான், முடியைப் பார்த்தா. சனிக்கிழமை முழுக்க அந்தக் கார்டைப் பற்றி வலையில் தேடிப் படித்தாள். எங்காவது ஒரு ஓட்டை இருக்க வேண்டும். வருடக் கட்டணம் இருந்தது. அப்பாடா என்று குறித்துக்கொண்டாள். கீழே பொடி எழுத்தில், வருடத்துக்கு இவ்வளவு செலவழித்தால் அதுவும் கிடையாது என்று இருந்தது. இவள் குறித்ததை அடித்தாள். ஒருவேளை அந்தக் கார்டே வேண்டாம், அந்தப் பெண்ணே வேண்டாம், அவர் பிச்சை எடுக்காமல் தன் காசில் தனியாகச் சாப்பிட்டால் போதும் என்றால், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. இதில் அவர் சொன்ன ஓட்டல் அறை எண்கள் வேறு. அவர் முந்நூற்றுப் பன்னிரண்டு, அவள் முந்நூற்றுப் பதினாலு. நடுவில் ஒரு அறை இருக்கிறது என்று முதலில் நிம்மதிப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது: ஓட்டல்களில் இரட்டை எண் ஒரு பக்கம், ஒற்றை எண் எதிர்ப்பக்கம். பன்னிரண்டுக்கு அடுத்த கதவு பதினாலுதான். ஒரே சுவர். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் அவர் இருமுவார், விடியற்காலையில் அவருக்கு இரண்டு இருமல் உண்டு, அதைக் கேட்கும் உரிமை பத்தொன்பது வருடமாக இவளுடையது.

நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. துடைக்கக் கை போய், உறையைப் பார்த்துத் திரும்பியது. பன்னிரண்டு நாற்பத்தாறு. இன்னும் பத்தொன்பது நிமிடம். ஆனால் முதல் தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லையே, என்று மனசு ஒரு மூலையிலிருந்து மெல்ல ஆரம்பித்தது, அதன் வாயை எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் பொத்துவாள், இன்று கையில் உறை இருந்ததாலோ என்னவோ பொத்த முடியவில்லை. டிசம்பரில் அவர் கேட்டார்: எந்தக் கார்டு கொண்டுபோறது, நீ பாத்துச் சொல்லு. அவள் விடைத்தாளின் வெற்றுப் பக்கத்தில் கட்டம் போட்டாள். முதல் கட்டம் நம் கார்டு. இரண்டாவது, முன்கூட்டியே யூரோ நிரப்பிக் கொண்டுபோகிற ஃபோரெக்ஸ் கார்டு. ஆயிரம் யூரோ செலவு என்று வைத்தால் நம் கார்டில் உபரி மூவாயிரத்து எழுநூற்றுப் பதினேழு. கம்பெனி பில் தொகையைத்தான் திருப்பித் தரும், வங்கி பிடிப்பதைத் தராது, அது கைக்காசு. ஃபோரெக்ஸ் கார்டில் இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்துநாலு. பளிச்சென்று ஆயிரத்து ஐநூறுக்கு மேல் மிச்சம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டாவதைக் காட்டும். ஆனால் அந்தக் கார்டு அவர் பெயரில் இருக்கும், செய்தி அவர் போனுக்குப் போகும். பூங்கோதை பேனாவை வைத்துவிட்டு, போய் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, மிஞ்சுகிற யூரோவை மாற்றும்போது நஷ்டம் நானூற்று ஐம்பது என்று சேர்த்தாள். சரி, அதில் நியாயம் உண்டு. அதன்கீழ், கார்டு தொலைந்தால் புதுக் கார்டுக்கு ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து. தொலைந்தால். அந்த வார்த்தையை எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதினாள், தொலைவது நிச்சயம் என்பது போல. மூவாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது. நம் கார்டு நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் லாபம். பிள்ளைகள் விடையை முன்னாலேயே தெரிந்துகொண்டு வழியை அதற்கேற்ப வளைப்பார்கள். அந்தத் தாளில் அவள் சிவப்பு மையில் சுழிப்பாள். இவர் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்தார் என்பதுகூட இல்லை, கடைசி வரியை மட்டும் பார்த்து, நீ போட்டா சரியாத்தான் இருக்கும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த நம்பிக்கைமேல் அவளுக்கு அப்போது கோபம்கூட வந்தது. ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். கண்டுபிடித்திருக்கலாம். எதுக்கு இதைப் போட்டே என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளோ என்னவோ.

"அம்மா, காதுல வழியுது," என்று சோபாவிலிருந்தே சொன்னாள் இனியா. "காது கறுப்பாயிட்டா அப்பா வந்து யாருன்னு கேப்பாரு."

"வாயை மூடிட்டுத் துணியை எடுத்துத் தொடச்சு விடு."

"பொங்கலுக்கு நாலு நாள் இருக்கறப்பவே எதுக்கும்மா. முடி வேர்ல மறுபடி வெளுத்துரும்."

"நாலு நாள்ல ஒண்ணும் வெளுக்காது."

"நாளைக்கு அப்பா வர்றாரு, அதானே," என்று சிரித்தபடி காதைத் துடைத்துவிட்டாள் மகள். நாளை வருவார். அதற்கு முன் இன்று ஓட்டல் பில் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கிளம்பும்போதுதான் ஓட்டல்காரன் பணம் வாங்குவான் என்று அவர் போகுமுன்பே சொன்னார். கண்காட்சி நேரம், கொள்ளை விலை. இரவுக்கு நூற்றெண்பது யூரோ, நாலு இரவு, எழுநூற்று இருபது. அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். காபியையும் நூடுல்ஸையும் அவள் விட்டுவிடுவாள். வெளியூரில் ஒன்றாகப் போனவர்கள், ஒருவர் கொடுப்பார், ஒருவர் வாங்குவார். ஆனால் அறை வாடகை, அவர் நாலு இரவு படுத்த கட்டிலின் வாடகை, அந்த இரும்புக் கார்டில் போகக் கூடாது. இரண்டு அறைக்கும் சேர்த்து சாருலதா டங்கென்று வைப்பாள், ஒரே பில், அவள் வங்கிக் கணக்கில் ஒரே வரியாக, பன்னிரண்டும் பதினாலும் சுவரே இல்லாமல் சேர்ந்து நிற்கும். பழைய தாள் அவர் சட்டைப்பையோடு போய்விட்டதால், மூன்றாவது கட்டத்தை நேற்று இரவு வேறொரு தாளில் போட்டிருந்தாள். மேலே பெயர் எழுதவில்லை. கீழே சுழி ஒன்று, கடுகளவு. நம் கார்டில் போட்டால் இரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தாறு ரூபாய் கைக்காசு போகும். அவள் கார்டில் போட்டால் போகாது. தக்காளி கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைகிறது என்று உழவர் சந்தைக்கு நடந்து போகிறவள் நான். எந்த முகத்தோடு நம் கார்டு என்று சொல்வேன். கேட்டால்தானே சொல்ல. கேட்கவே மாட்டார். இந்நேரம் தேய்த்தே முடித்திருப்பார்கள்.

போன் ஒளிர்ந்தது. வங்கி இல்லை. அவர். வீடியோ அழைப்பு.

"வீடியோ வேண்டாம், சும்மா பேசறாப்பல போட்டு மேஜைல வை," என்றாள், குரல் அவசரப்பட்டது. இனியா விரலால் தள்ளி, ஒலிபெருக்கியைப் போட்டு வைத்தாள். சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தமும் புரியாத பாஷையும் மேஜையில் வந்து கொட்டின.

"அம்மிணி, கவுன்ட்டர்ல நிக்கறேன். ரெண்டு ரூமையும் அவங்க கார்டுலயே போட்டுடலாம்ங்கறாங்க சாருலதா. நீ கணக்குப் போட்டப்ப நம்ம கார்டுதான் சல்லீசுன்னு வந்துச்சு. இவங்க இல்லைங்கறாங்க. நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

கேட்டுவிட்டார். கேட்க மாட்டார் என்று நினைத்துக் கோபப்படத் தயாராக இருந்தவளுக்கு இது வசதியாக இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல், பக்கத்தில், மூக்கடைப்போடு: "அக்கா, வணக்கங்க்கா. சாருலதா பேசறேன். சார் எதுக்கெடுத்தாலும் எங்க வீட்ல கேக்கோணும்ங்கறார்ங்க்கா, நாலு நாளா இதேதான். ஒரு டவுட்டுங்க்கா. மெஷின்ல ரூபாயா யூரோவான்னு கேக்குது. நான் ரூபாயே அமுத்தீட்டு இருக்கறேன். சரிதானுங்களே? நம்ம காசுன்னா எவ்வளவு போகுதுன்னு உடனே தெரியுமில்லீங்க."

பூங்கோதை நிமிர்ந்தாள். "நேத்து சாப்பாடு எத்தனை வந்துச்சு?"

"நாப்பத்தோரு யூரோங்க்கா. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு எடுத்தான்."

யூரோ தொண்ணூற்றேழு. தொண்ணூறு ரூபாய்க் காசைத் தொண்ணூற்றேழாக மாற்றிக் கொடுத்திருக்கிறான் கடைக்காரன். கார்டு சுழிதான், பொத்தான் தப்பு. ரூபாயை அமுத்தினால் மாற்றும் விலையை அந்த ஊர்க் கடைக்காரனே வைப்பான். அதை அவள் டிசம்பரிலேயே படித்து, எந்த மெஷின் கேட்டாலும் அந்த ஊர்க் காசையே அமுத்துங்க என்று வீட்டுக்காரருக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அதே சாப்பாட்டை என் கார்டில் யூரோவாகப் போட்டிருந்தால் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு. நூற்று முப்பத்தைந்து ரூபாய், நாற்பது காசு குறைய, என் பிளாஸ்டிக் அந்த இரும்பைத் தோற்கடித்திருக்கிறது. இந்த ரெண்டு நாளும். ஒவ்வொரு டங்குக்கும். சந்தோஷம் தொண்டை வரை வந்தது, கெட்ட சந்தோஷம், இனிப்பாக இருந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம். ஆமாம்மா, ரூபாயே அமுத்து என்றால் போதும். இவரிடம் நம் கார்டு என்றால் போதும். பொய்யாகப் போட்ட கணக்கு உண்மையாகிவிடும். அடித்துத் திருத்திய தாள் அப்படியே சரியான விடையாக நிற்கும். யூரோவுக்கு ஏழு ரூபாய் அந்தப் பெண் கட்டட்டும், காபிக்கும் சேர்த்து, சுவருக்கும் சேர்த்து. நாக்கு நுனியில் வார்த்தை நின்றது. இனியா கையிலிருந்த கறுப்புத் துணியோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பும்மா," என்றாள் பூங்கோதை. இருபது வருடமாகக் கரும்பலகை முன்னால் வந்துகொண்டிருக்கும் குரல், அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. "யூரோவை அமுத்து. ரூபாய்னா அவன் வெச்ச விலை. யூரோவுக்கு ஏழு ரூபா விட்டிருக்கறே நீ."

"அய்யோ சாமி, ஏழு ரூபாயா. நல்லவேளைங்க்கா, கேட்டேன்," என்றது குரல், தும்மியது. "சார், உங்க வீட்ல கேக்கறது சரிதான் போல."

"அப்பறமென்ன," என்றார் குழந்தைவேல், நிம்மதியாக. "யூரோவா அமுத்திட்டா இவங்க கார்டுதானே சல்லீசு? ரெண்டையும் இதுலயே போட்டுடறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"நம்ம கார்டு போடுங்க. உங்க ரூமுக்கு மட்டும்."

"ரெண்டாயிரத்துச் சில்லறை சேந்து போகுமே அம்மிணி."

"ரெண்டாயிரத்து அறுநூத்தி எழுபத்தாறு. போகட்டும்."

பெட்டிகள் உருண்டன. எங்கோ ஒரு லிஃப்ட் மணி அடித்தது. அவர் கணக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளிடமிருந்து கணக்கு அல்லாத ஒன்று வந்து அவருக்குப் பழக்கமில்லை. "நீயா சொல்றே," என்றார். "காரணம் சொல்லு. தேய்க்கறேன்."

காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் நல்ல காரணம், கம்பெனிக்குத் தனி பில் வேண்டும், அடுத்தவங்க கார்டில் பெரிய தொகை போடக் கூடாது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண் எழுதலாம்.

"எனக்கு மெசேஜ் வரோணுங்க," என்றாள்.

"மெசேஜா?"

"நீங்க காபி குடிச்சா, ரயில் ஏறினா, எனக்கு வரும். ரெண்டு நாளா வரல. ஃபோரெக்ஸ் கார்டுதான் சல்லீசு. நான்தான் அதை மாத்திப் போட்டேன்."

இனியா துணியை மேஜையில் வைத்தாள். அவர் சிரிப்பார் என்று பூங்கோதை காத்திருந்தாள். சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம், நீயும் உன்ற கணக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடலாம். அவர் சிரிக்கவில்லை. கவுன்ட்டர்க்காரியிடம் தன் ஆங்கிலத்தில், ஒரு அறைக்கு மட்டும், இந்தக் கார்டு என்று சொல்வது கேட்டது. சாருலதா ஏதோ கேட்டதும், எங்க வீட்ல சொல்லீட்டாங்க என்று மட்டும் அவர் பதில் சொன்னதும் கேட்டது. பிறகு வாயைப் போனுக்கு அருகில் கொண்டுவந்து, அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில், "எத்தனை வருஷமா இப்படி மெசேஜ் பாத்துட்டு இருக்கறே?" என்று கேட்டார்.

அவள் எண்ண ஆரம்பித்தாள்.